மணலி மொட்டை மாடியில் பூச்சி தின்னும் செடி

"பூச்சியைத் தின்னுற செடிக்கு வெயில் எதுக்குடா?" மொட்டை மாடிக்கு வர்ற நண்பர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி இது. முதல் வருஷம் எனக்கே பதில் தெரியாது. அதனாலதான் ஆசையா வாங்கின வீனஸ் ஃப்ளைட்ராப் ஒன்று செத்துப்போச்சு.

பூச்சி அந்தச் செடிக்குச் சோறு இல்லை, உரம். இவை வளரும் ஈரநிலத்தில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் குறைவு. அதைப் பூச்சியிலிருந்து எடுத்துக்கொள்ளும். சர்க்கரையை மற்ற செடிகளைப் போல வெளிச்சத்தில்தான் தயாரிக்கணும். வெளிச்சம் பத்தாவிட்டால் ட்ரோசீரா இலையில் பசைத்துளி வராது, நெப்பந்தஸ் இலை நுனியில் குடுவை வராது.

நான் செய்த தப்பைக் கேளுங்க. ஏப்ரலில் செடியை வாங்கி வந்த அன்றே முழு வெயிலில் வச்சேன். மூணே நாளில் இலை நுனி கருகிடுச்சு. பயந்துபோய் மாடிப்படிக்கு அடியில் கொண்டுபோய் வச்சேன். அங்கே இலை நீளமா, வெளுத்து, துவண்டு வளர்ந்தது. பொறி மூடவே இல்லை. மழைக்காலத்தில் அழுகிடுச்சு.

வெளிச்சமும் சூடும் ஒன்றுன்னு நினைச்சதுதான் பிரச்சினை. இலைக்கு வெளிச்சம் வேணும், வேருக்குக் குளிர்ச்சி வேணும். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியைக் கொதிக்கிற கான்கிரீட் தரையில் வச்சா வேர் வெந்துடும். வெள்ளைத் தொட்டிக்கு மாற்றி, ரெண்டு செங்கல் மேல் தூக்கி வைங்க. நர்சரி நிழலில் வளர்ந்த செடின்னா, வாரத்துக்கு ஒரு மணி நேரமா வெயிலைக் கூட்டுங்க. கருகின இலை மீளாது. புது இலையைப் பார்த்து முடிவு பண்ணுங்க.

நம்ம பக்கம் கோடையில் காலை வெயில் தாங்கும். உச்சிவேளையில் மேற்கிலிருந்து வறண்ட அனல்காற்று அடிக்கும். கடல்காற்று தாமதமாகிற நாளில் கேட்கவே வேண்டாம். அதனால் மாடியில் தண்ணித் தொட்டியோ படிக்கட்டு அறையோ இருந்தால், அதன் கிழக்குச் சுவரை ஒட்டித் தொட்டியை வைங்க. காலை முழுக்க வெயில், மதியத்துக்கு மேல் சுவரே நிழல்.

சிவில் பசங்களுக்கு ஒரு கணக்கு. நாம் இருப்பது 13 டிகிரி அட்சரேகையில். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். 3 அடி கைப்பிடிச் சுவரின் உச்சிவேளை நிழல் ஜூனில் தெற்கே அரை அடிதான். டிசம்பரில் வடக்கே 2 அடிக்கு மேல். வடபக்கம் எப்பவும் நிழல்னு நம்பி வச்ச செடி கோடையில் காயும், டிசம்பரில் இருட்டில் கிடக்கும். வருஷத்துக்கு ரெண்டு தடவை தொட்டியை இடம் மாற்றியே ஆகணும்.

50% ஷேட் நெட் கட்டினால், காலையில் தேவையான வெளிச்சத்திலும் பாதி போயிடும். மார்ச் கடைசியிலிருந்து ஜூன் வரை, உச்சிக்கும் மேற்குக்கும் மட்டும் கட்டினால் போதும். செடிக்கு 2 அடி உயரத்திலாவது இருக்கட்டும், சூடான காற்று வெளியே போகணும். வடகிழக்குப் பருவமழை மேகம் வந்ததும் கழற்றிடுங்க.

வெயிலோடு சேர்ந்த இன்னொரு தொல்லை தண்ணி. தட்டில் ஊற்றினது ஆவியாக ஆவியாக உப்பு மட்டும் தங்கும். எங்க தெரு போர் தண்ணியில் டிடிஎஸ் மீட்டர் நாலு இலக்கம் காட்டுது. இந்தச் செடிகளுக்கு 50-க்குள் இருக்கணும். மழைத்தண்ணி பிடிச்சு வச்சுக்கோங்க. தென்னைநார்க் கழிவையும் அலசாமல் போடாதீங்க, அதிலும் உப்பு இருக்கும்.

எந்தச் செடி வாங்கலாம்? வீனஸ் ஃப்ளைட்ராப் அமெரிக்காவின் கரோலினா பகுதிச் செடி. அதுக்குக் குளிர்கால ஓய்வு வேணும். மணலியில் அதுக்கு எங்கே போறது? தாழ்நில நெப்பந்தஸ் ஓகே, வடிகட்டின வெளிச்சம் போதும். மேகாலயாவின் நெப்பந்தஸ் காசியானா காட்டிலிருந்து எடுக்கக் கூடாத, சட்டப் பாதுகாப்புள்ள இனம். நர்சரியில் வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்க.

என் ஓட்டு நம்ம ஊர் அழுகண்ணிக்குத்தான். ட்ரோசீரா இனம், சித்த மருத்துவத்திலும் இந்தப் பெயர் உண்டு. மழைக்குப் பின் ஈரமான திறந்தவெளியில் முழு வெயிலில் வளரும், நெட்டே வேண்டாம். கோடையில் காய்ந்தால் நம்ம தப்பு இல்லை. விதை விட்டுட்டுப் போவது அதன் வழக்கம். அந்தத் தூள் மாதிரி விதையைக் காகிதத்தில் மடிச்சு வைங்க.

போன தடவை மடிச்சு வச்சது முளைச்சு, இப்போ பொத்தான் அளவில் சிவப்பா நிற்குது. இன்னிக்குக் காலையில் ரெண்டு கொசு மாட்டியிருந்தது.