கவராயமும் கண்ணும்

தோழியரே, வடிவியல் பெட்டியைத் திறந்து ஒரு சிறு சோதனை செய்து பார்ப்போமா? 5 செ.மீ. பக்கமுள்ள சதுரம் ஒன்று வரைவோம். அதனருகே 5 செ.மீ. விட்டமுள்ள வட்டம் ஒன்று வரைவோம். இரண்டின் உயரமும் சமம் என்கிறது அளவுகோல். வட்டமே சற்றுச் சிறியது என்கிறது கண். எதை நம்புவது? இதே கேள்வி ஓர் அச்செழுத்தை உருவாக்கியவருக்கும் எழுந்தது.

ஆங்கில நூல்களில் எழுத்துக் கோடுகளின் முனையில் சிறு பாதங்கள் போன்றவை இருப்பதைக் கண்டிருக்கிறோம். அவற்றைச் 'செரிப்' என்பர். அவை இல்லாத எழுத்து 'சான்ஸ் செரிப்'. அவ்வகையில் வட்டம், முக்கோணம், நேர்கோடு ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டு ஜெர்மானியரான பால் ரென்னர் (1878–1956) வரைந்ததே 'பியூச்சரா'. பிராங்க்பர்ட் நகரின் பாவர் எழுத்து வார்ப்பகம் 1927-இல் அதை வெளியிட்டது.

ரென்னர் முதலில் வரைந்த சில சிறிய எழுத்துகள் வடிவியலுக்கு முற்றிலும் பொருந்தின. ஆனால் படிப்பவருக்குப் பழக்கமற்றவையாக இருந்தன. அவை கைவிடப்பட்டன. எஞ்சியவையும் திருத்தப்பட்டன. 'ஓ' என்னும் எழுத்து மற்றவற்றைவிடச் சிறியதாகத் தோன்றாதிருக்க, மேலும் கீழும் இம்மியளவு நீண்டது. வளைவும் தண்டும் சேருமிடத்தில் மை திரண்டாற்போல் தோன்றாதிருக்க, கோடு மெலிந்தது. கவராயம் தொடங்கி வைத்ததைக் கண்ணே முடித்து வைத்தது எனலாம்.

அந்நாளில் ஜெர்மன் நூல்கள் பல, முறுக்கும் கோணமும் நிறைந்த பழைய கறுப்பெழுத்தில் அச்சாயின. அதுவே தேசிய எழுத்து என்று பலர் வாதிட்டனர். நாஜிகளின் கலைக் கொள்கையைக் கண்டித்து 1932-இல் ரென்னர் ஒரு சிறுநூல் எழுதினார். மறு ஆண்டே அவர் கைது செய்யப்பட்டார். மியூனிக் அச்சுக்கலைப் பள்ளியில் வகித்த பதவியையும் இழந்தார். 1941-இல் அதே நாஜி அரசு கறுப்பெழுத்தைத் தானே விலக்கியது!

பியூச்சரா எல்லாவற்றிற்கும் ஏற்றதன்று. பெரிய 'ஐ'யும் சிறிய 'எல்'லும் வெறும் நேர்கோடுகளே என்பதால் மயக்கம் நேரலாம். பக்கம் பக்கமாகப் படிப்பதற்குச் செரிப் எழுத்தையே பலர் விரும்புகின்றனர். தலைப்பு, விளம்பரம், அறிவிப்புப் பலகை ஆகியவற்றில் பியூச்சரா பளிச்சென்று விளங்கும். 1969 ஜூலையில் நிலவில் இறங்கிய அப்பல்லோ 11 கலத்தின் ஏணியில் பொருத்தப்பட்ட எஃகுத் தகட்டின் வாசகமும் இந்த எழுத்திலேயே பொறிக்கப்பட்டது. அத்தகடு இன்றும் நிலவில் இருக்கிறது.

எளிமை என்றால் உழைப்புக் குறைவு என்று நாம் எண்ணிவிடுகிறோம். பார்ப்பதற்கு எளிய ஒரு 'ஓ'வின் பின்னே எத்தனை திருத்தங்கள்! இனி நம் வகுப்புச் சுவரொட்டிக்குத் தலைப்பு எழுதும்போது, அளவுகோலால் அளந்த பிறகு நான்கு அடி தள்ளி நின்று ஒருமுறை பார்ப்போம். படிக்கப்போகிறவர் நிற்குமிடம் அதுதானே!