ஞாயிறு திருப்பலி: கடனா, தாகமா?



ஞாயிறு காலையில் நம் வீடுகள் பலவற்றில் ஒரே வழக்கு நடக்கிறது. "எழும்பு, பூசைக்கு நேரமாகுது. போகாவிட்டால் பாவம்" என்கிறாள் தாய். "மனமில்லாமல் போய் நிற்பது வேஷந்தானே அம்மா? விருப்பம் வரும்போது போகிறேன்" என்கிறான் மகன். தாய் கடமையைப் பேசுகிறாள். மகன் ஆசையைப் பேசுகிறான். இருவரில் யார் சொல்வது சரி? இன்றைய பாடத்தில் இதைச் சற்று ஆராய்வோம்.

திருச்சபை கேட்பது என்ன?

முதலில் சட்டத்தைச் சரியாகத் தெரிந்துகொள்வோம். ஞாயிற்றுக்கிழமைகளிலும் கடன் திருநாட்களிலும் திருப்பலியில் பங்குபெறும் கடமை விசுவாசிகளுக்கு உண்டு என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 1247ஆம் பிரிவில் கூறுகிறது. முந்திய நாள் மாலைத் திருப்பலியும் இக்கடமையை நிறைவேற்றும் என்கிறது அடுத்த பிரிவு. தக்க காரணமின்றி, வேண்டுமென்றே இதைத் தட்டிக்கழிப்பது கனமான பாவம் என 1992இல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூல் போதிக்கிறது.

ஆனால் அதே நூல் நோயையும், கைக்குழந்தையைப் பராமரிப்பதையும் தக்க காரணங்களாக ஏற்றுக்கொள்கிறது. ஆழ்கடலில் பல நாள் படகில் நிற்பவனிடமும், படுக்கையில் கிடக்கும் பெற்றோரை விட்டு அகல முடியாத மகளிடமும் திருச்சபை முடியாததைக் கேட்பதில்லை. குருவானவர் இல்லாத இடத்தில் இறைவார்த்தை வழிபாட்டிலோ குடும்ப செபத்திலோ நேரத்தைச் செலவிடும்படி அது பரிந்துரைக்கிறது. ஆகவே கடமை என்பது கழுத்தில் மாட்டிய கயிறல்ல. இயலாமையையும் அலட்சியத்தையும் பிரித்துப் பார்க்கும் தாயின் கண் அதற்கு உண்டு.

சட்டம் எங்கிருந்து வந்தது?

கி.பி. 304ஆம் ஆண்டில், தியோக்கிளேசியன் மன்னனின் கலாபனை நாட்களில், வட ஆபிரிக்காவின் அபித்தினா என்ற ஊரில் 49 கிறிஸ்தவர்கள் பிடிபட்டார்கள். ஒரு வீட்டில் கூடி ஆண்டவருடைய நாளைக் கொண்டாடியதே அவர்கள் செய்த குற்றம். ஞாயிறு வழிபாடு இன்றித் தங்களால் வாழ இயலாது என்பதே விசாரணையில் அவர்கள் தந்த பதில். அவர்களைத் தண்டிக்கத்தான் சட்டம் இருந்தது. அவர்களைக் கூட்டிச் சேர்த்ததோ தாகம்.

தொடக்கத்தில் சட்டம் தேவைப்படவில்லை என்றும், சிலருடைய ஆர்வம் தணிந்தபோதே திருச்சபை அதைக் கடமையாக வற்புறுத்த நேர்ந்தது என்றும் பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பர் ஆண்டவரின் நாளைப் பற்றி 1998இல் எழுதிய மடலில் விளக்குகிறார். ஆகவே சட்டம் ஆசைக்குப் பகையல்ல. ஆசை குன்றும் நாளில் அதற்கு முட்டுக்கொடுக்க வந்த ஊன்றுகோல் அது.

நம் கரையோரத்தின் சாட்சியம்

இதை அறிய ஆபிரிக்கா வரை போகவேண்டியதில்லை. 1658இல் யாழ்ப்பாணமும் மன்னாரும் ஒல்லாந்தர் கைக்குப் போயின. கத்தோலிக்க குருக்கள் நாடு கடத்தப்பட்டார்கள். அவர்களுக்குப் புகலிடம் கொடுப்பது கொடிய குற்றமாக்கப்பட்டது. கோவையைச் சேர்ந்த யோசேவ் வாஸ் அடிகளார் 1687இல் மாறுவேடத்தில் வந்து சேரும் வரை ஏறக்குறைய 30 ஆண்டுகள் நம் முன்னோர்கள் மேய்ப்பரின்றி இருந்தார்கள். பூசை இல்லாத இடத்தில் பூசைக் கடன் எவரையும் கட்டாது. ஆயினும் விசுவாசம் சாகவில்லை. அடிகளார் இரவில் வீடுகளில் இரகசியமாகத் திருப்பலி ஒப்புக்கொடுத்தபோது, ஆபத்தென்று அறிந்தும் மக்கள் வந்தார்கள். கண்டி அரசனின் ஆளுகைக்குட்பட்டிருந்த புத்தளத்திலும் அவர் பணியாற்றி, 1692இல் அங்கிருந்தே கண்டிக்குப் புறப்பட்டார். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

நம் காலத்திலும் இத்தகைய சோதனை வந்தது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும், நம் அயலிலுள்ள நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும் குண்டுகள் வெடித்தன. வழிபடப் போனவர்களே பலியானார்கள். பின்பு சில வாரங்கள் ஆலயங்களில் ஞாயிறு திருப்பலி நடைபெறவில்லை. 2020இல் கொரோனா தொற்றினால் மீண்டும் கதவுகள் மூடின. கட்டாயம் நீங்கிய அந்த நாட்களில் தொலைக்காட்சியின் முன்னே கண்ணீரோடு முழந்தாளிட்டவர்களும் உண்டு. "நல்லதாய்ப் போயிற்று" என்று நிம்மதியாகத் துயின்றவர்களும் உண்டு. நம் உள்ளத்தில் இருந்தது வெறும் கடனா, தாகமா என்பதைக் காட்டிய கண்ணாடி அது.

இன்னொரு கண்ணாடியும் நம்மிடம் உண்டு. ஆகஸ்டு மாதத்தில் தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு எத்தனை ஆயிரம் பேர் வருகிறார்கள்! மணலில் கொட்டில் போட்டு, சட்டி பானையோடும் பிள்ளை குட்டிகளோடும் நாட்கணக்கில் தங்குகிறோம். யாரும் நம்மைக் கட்டாயப்படுத்துவதில்லை. நேர்ச்சையும் அன்பும் இழுக்கின்றன. அது நல்லதே. ஆனால் அன்னம்மாளின் பேரனாகிய ஆண்டவர் நம் பங்கு ஆலயத்திலே வாரந்தோறும் பந்தி விரித்துக் காத்திருக்கையில், அந்த அரை மைல் ஏன் தூரமாகத் தெரிகிறது?

இரண்டு மைந்தர்கள்

இப்போது தாயின் வழக்குக்கும் மகனின் வழக்குக்கும் வருவோம். ஊதாரி மைந்தன் உவமையில் தம்பி ஏன் வீடு திரும்பினான்? தகப்பன் மேலுள்ள அன்பு பொங்கியதாலா? வயிறு காய்ந்ததாலேயே முதலில் அவனுக்கு வீட்டு நினைவு வந்தது. தகப்பனோ அவனுடைய நோக்கத்தை அளந்து பார்க்கவில்லை. ஓடிவந்து கட்டித் தழுவினார். ஆகவே, மகனே, முழு விருப்பம் இல்லாமல் போவது வேஷமாகாது. இல்லாததை இருப்பதாகக் காட்டுவதே வேஷம். "ஆண்டவரே, மனம் வரண்டுபோய் வந்திருக்கிறேன்" என்று உண்மையைச் சொல்லி நிற்பவன் வேஷதாரியல்ல. அதுவே ஒரு செபம்.

விருப்பம் வேறு, அந்நேரத்து மனநிலை வேறு என்பதையும் கவனி. விடியுமுன் படகைத் தள்ளுகிறவன் தினமும் உற்சாகத்தோடா எழும்புகிறான்? உடம்பு மறுத்தாலும் குடும்பத்தின் மேலுள்ள அன்பு அவனை எழுப்புகிறது. அந்த அன்பும் ஆசைதான். சோம்பலை விட ஆழமான ஆசை.

மூத்த மைந்தனோ வீட்டை விட்டு ஒருநாளும் அகலவில்லை. கட்டளை ஒன்றையும் மீறவில்லை. ஆனால் விருந்து நடக்கும்போது வாசலுக்கு வெளியே நின்றான். ஆகவே, தாயே, "பாவம்" என்ற ஒரு சொல்லால் பிள்ளையை ஆலய வாசல் வரை கொண்டுவரலாம். பந்திக்குள் கொண்டுபோக அச்சொல் மட்டும் போதாது. பூசையில் உங்களுக்குக் கிடைத்த ஆறுதல் என்னவென்று அவனுக்கு எப்போதாவது சொல்லியிருக்கிறீர்களா?

ஆசையை வளர்ப்பது எப்படி?

சனி இரவு செபமாலைக்குப் பின் மறுநாள் நற்செய்தியைக் குடும்பமாக வாசியுங்கள். அந்த வாரத்தின் ஒரு கவலையையும் ஒரு நன்றியையும் தெரிந்தெடுத்துக் காணிக்கையாகக் கொண்டுபோங்கள். பூசை தொடங்குமுன் போய்ச் சேருங்கள். இளைஞருக்குப் பாடவும் வாசகம் வாசிக்கவும் இடம் கொடுங்கள். கையில் வேலையுள்ளவனுக்கு நேரம் நீளாது.

பங்குகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. தாய்மொழியில் வழிபடும் வழியை 2ஆம் வத்திக்கான் சங்கம் 1963இல் திறந்துவிட்டது. நம் கரையோரத்தில் சிங்களமும் தமிழும் அருகருகே வாழ்கின்றன. தமிழ்ப் பூசை எல்லா ஞாயிறும் கிடைக்காத இடங்களில், மறையுரை விளங்காமல் அமர்ந்திருக்கும் முதியவரிடம் ஆர்வத்தை எதிர்பார்ப்பது எவ்வாறு? ஒரு வாசகமாவது, ஒரு பாடலாவது தமிழில் வேண்டுமெனப் பங்குத் தந்தையிடம் பணிவோடு கேட்பது நம் உரிமை. அது கிடைத்தபின் வராமலிருப்பது நம் குற்றம்.

கடைசி இராவுணவின்போது, சீடர்களோடு அந்தப் பாஸ்கா விருந்தை உண்ணத் தாம் மிகுந்த ஆசையோடு காத்திருந்ததாக இயேசு சொன்னார் என லூக்காஸ் எழுதுகிறார். நம் ஆசைக்கு முந்தியது அவருடைய ஆசை. கடமை நம் கால்களை அங்கே கொண்டு சேர்க்கட்டும். அவருடைய ஆசை நம் உள்ளத்தைக் கொளுத்தட்டும்.

குடும்பத்தில் சிந்திக்க:

1. பூசைக் கடன் நாளையே நீக்கப்பட்டால், அடுத்த ஞாயிறு நம் வீட்டிலிருந்து யார் யார் போவோம்?

2. நம் பிள்ளைகள் பூசையைப் பற்றி நம் வாயிலிருந்து கேட்பது பயமுறுத்தலா, நன்றியா?

3. நோயினாலோ முதுமையினாலோ வர இயலாத அயலவருக்கு இந்த ஞாயிறு நாம் என்ன செய்யலாம்?