தர்மத்தையும் கணக்கில் ஏற்றுவோம்



கால் மூட்டை புளி கடனுக்குப் போனாலும் பேரேட்டில் ஏற்றாமல் நாம் கடையைப் பூட்டுவதில்லை. ஆனால் வாழ்நாளெல்லாம் ஈட்டியதில் ஒரு பங்கைத் தர்மத்துக்கு விட வேண்டும் என்ற எண்ணத்தை மட்டும் வாய்ப்பேச்சோடு நிறுத்திவிடுகிறோம். மகமை எடுத்து வைத்துக் கோயிலுக்கும் சத்திரத்துக்கும் கொடுத்த மரபில் வந்தவர்கள் நாம். அந்த எண்ணம் நமக்குப் பின்னும் நிறைவேற என்ன செய்ய வேண்டும் என்று பார்ப்போம்.

நம் மாவட்டத்து மொத்த வியாபாரி ஒருவர், தம் ஊர்ப் பள்ளிக்கு இரண்டு வகுப்பறை கட்டித் தருவதாகப் பலர் முன்னிலையில் சொன்னார். அடுத்த ஆண்டே திடீரென மறைந்தார். தலைமையாசிரியர் வந்து கேட்டபோது, "எழுத்தில் ஏதாவது இருக்கிறதா ஐயா?" என்றனர் பிள்ளைகள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கடைக்குக் கடனும் இருந்தது. வாக்குக் கொடுத்த அன்று நாமும் அங்கே இருந்தோம். சாட்சி சொல்ல வாய் இருந்தது. காட்டக் காகிதம் இல்லை. வகுப்பறை வரவேயில்லை.

எழுதி வைத்தால் மட்டும் போதுமா? அதற்கும் ஒரு பாடம் உண்டு. காஞ்சிபுரத்தில் 1754-இல் பிறந்து, சென்னையில் துபாஷியாகவும் வணிகராகவும் பெரும் பொருள் ஈட்டியவர் பச்சையப்ப முதலியார். 1794 மார்ச்சில் தர்மத்துக்கென உயில் எழுதிய சில நாட்களில் மறைந்தார். பொறுப்பேற்றவர்களிடையிலும் உறவினரிடையிலும் தகராறு மூண்டு, பணம் பல்லாண்டுகள் வழக்கில் கிடந்தது. அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் போன்றோர் முயற்சியால் கோர்ட்டு மூலம் அது மீட்கப்பட்டது. கோயில் கட்டளைகள் போக மிகுந்த தொகை கல்விக்கு ஒதுக்கப்பட்டது. அவர் பெயரில் பள்ளி திறந்தது 1842-இல். அதுவே பின்னாளில் பச்சையப்பன் கல்லூரியாக வளர்ந்தது. நல்ல மனம் பலன் தர 48 ஆண்டுகள்!

இன்னொரு வழக்கு. உயிலில் வெறுமனே 'தர்மத்துக்கு' என்று எழுதிய கொடை செல்லாது என்று 1899-இல், பம்பாயிலிருந்து சென்ற வழக்கில், லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. எந்தத் தர்மம் என்று தெளிவாக இல்லாவிட்டால் அதை நிறைவேற்ற வழியில்லை என்பதே காரணம். ஆகவே நம் நண்பர்கள் மனத்தில் கொள்ள வேண்டியவை:

1. யாருக்கு, எதற்கு என்பதைத் தெளிவாக எழுதுங்கள். பள்ளியா, மருத்துவமனையா, அன்னதானமா? நிறுவனத்தின் முழுப்பெயர், ஊர், பதிவு எண் வேண்டும். அது இல்லாமற் போனால் வேறு யாருக்கு என்பதையும் சேருங்கள்.

2. நமக்குச் சொந்தமானதை மட்டுமே எழுத முடியும். கூட்டுக் குடும்பச் சொத்தில் இந்து ஒருவர் தம் பங்கை மட்டும் உயில் எழுத 1956-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. முஸ்லிம் அன்பர்கள், வாரிசுகள் சம்மதமின்றி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத இயலாது. கிறிஸ்தவர்களின் தர்மக் கொடைக்கு இருந்த கட்டுப்பாட்டை உச்ச நீதிமன்றம் 2003-இல் நீக்கிவிட்டது.

3. முத்திரைத்தாள் தேவையில்லை. சாட்சிகள் இருவர் வேண்டும். நாம் கையெழுத்திடுவதை அவர்கள் காண வேண்டும். அவர்களும் நம் முன் கையெழுத்திட வேண்டும். பங்கு பெறுபவரைச் சாட்சியாக்காதீர்கள்.

4. பதிவு கட்டாயமில்லை. எனினும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தால் பின்னால் சந்தேகம் எழுவது குறையும்.

5. நிறைவேற்றும் பொறுப்பாளர் பெயரைக் குறிப்பிடுங்கள். நேர்மையானவராக, நம்மைவிட இளையவராக இருக்கட்டும். அவர் இல்லாவிட்டால் யார் என்பதும் வேண்டும்.

6. முதலில் கடன், பிறகே தர்மம். கொள்முதல் பாக்கி, வங்கிக் கடன் எல்லாம் தீர்ந்த பின்பு மீதியே பங்காகும். ஆகவே 'ஐந்து லட்சம்' என்பதைவிட 'கடன் போக மீதியில் இத்தனை பங்கு' என்று எழுதுவது வியாபாரிக்குப் பொருத்தம்.

7. மனம் மாறினால் உயிரோடிருக்கும் வரை மாற்றி எழுதலாம். கடைசியாக எழுதியதே செல்லும். எனவே பயம் வேண்டாம். ஒரு வக்கீலிடம் காட்டிவிடுவது நல்லது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கோவை பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் மக்கள் நால்வரும் சொத்தை ஐந்து பங்காக்கி, ஐந்தாம் பங்கைத் தர்மத்துக்கு விட்டனர். 1926-இல் தோன்றிய அந்த அறக்கட்டளையால் இன்று கல்லூரிகளும் மருத்துவமனையும் நடக்கின்றன. தர்மத்தையும் ஓர் உடன்பிறப்பாக எண்ணிய வீடு அது.

நாமும் தள்ளிப்போட்டே வந்தவர்கள்தாம். அந்த வகுப்பறை வராமற்போன பிறகே உயில் எழுதினோம். கடன் போக மீதியில் பத்தில் ஒரு பங்கு, நாம் படித்த பள்ளிக்கு. மக்களைக் கடையில் உட்கார வைத்துப் படித்துக் காட்டினோம். மூத்தவன் சிறிது நேரம் பேசாமலிருந்து, "எங்கே கையெழுத்துப் போடணும் அப்பா?" என்றான். "நீ பங்காளி, சாட்சி வேறு ஆள்" என்றோம்.

மனைவி மக்களுக்கு வேண்டியதை வைத்துவிட்டு, ஒரு வரியாவது எழுதி வையுங்கள். நாள் பார்த்து எழுதலாம். நாளை என்று தள்ள வேண்டாம்.