தலையெழுத்தை இழந்த பெயர்

அன்புள்ள பேத்திக்கு,

உன் கடிதம் நேற்று மாலை வந்தது. கல்லூரி நூலகத்திலிருந்து நீ எடுத்துப் படித்த நாவலின் நாயகனுக்கு வாய்த்த ‘ப்னின்’ என்னும் குடும்பப் பெயர் உன்னை இவ்வளவு தூரம் உறுத்தியதில் எனக்கு மெத்த மகிழ்ச்சி. ருஷ்யப் பெயர்களெல்லாம் நீண்டு நெளிந்து போகும்போது இது மட்டும் ஏன் ஒரே அசையில் முடிந்துவிடுகிறது என்றும், மெய்யெழுத்தில் தொடங்கும் இச்சொல்லைத் தமிழில் எழுதுவதற்கே கை கூசுகிறதே என்றும் கேட்டிருக்கிறாய். விளாடிமிர் நபோகோவ் 1957-ஆம் ஆண்டில் வெளியிட்ட அந்த நாவலில் வரும் பேராசிரியர் கற்பனைப் பாத்திரமே. ஆனால் அப்பெயர் கற்பனையன்று. அப்பெயர் எவ்வாறு பிறந்தது என்று அறிந்துவிட்டால், மெய்யெழுத்து ஏன் முதலில் வந்து நிற்கிறது என்பதற்கும் விடை கிடைத்துவிடும். அதன் முன்னால் ஓர் அசை இருந்தது. அதை வெட்டி எறிந்துவிட்டார்கள்.

முதலில் ருஷ்யக் குடும்பப் பெயர்கள் பொதுவாக எப்படி அமைகின்றன என்பதைச் சொல்லிவிடுகிறேன். பிரபுக்களின் குலங்களுக்குப் பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் நிலைபெற்ற இப்பெயர்கள், குடியானவர்களில் பெரும்பாலோருக்கு மிகப் பிந்தியே, பலருக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான், உறுதிப்பட்டன. பெயரின் இறுதியில் நிற்கும் ‘ஓவ்’, ‘எவ்’, ‘இன்’ என்னும் விகுதிகள் உடைமைப் பொருளைக் காட்டுவன. நம் இலக்கணத்தின் ஆறாம் வேற்றுமை செய்யும் வேலையை அவை செய்கின்றன. ‘மரத்தின்’ என்று நாம் சொல்லும்போது வருகிற ‘இன்’னும் அவர்களுடைய ‘இன்’னும் ஒலியில் ஒத்திருப்பது தற்செயலே, ஆயினும் நினைவில் வைத்துக்கொள்வதற்கு நல்ல துணை. ‘குஸ்நெத்ஸ்’ என்றால் கொல்லன்; கொல்லனுடைய பிள்ளை குஸ்நெத்ஸோவ். ‘பொப்’ என்றால் கிராமத்துப் பாதிரி. அவருடைய வீட்டார் பொபோவ். கொல்லனும் பாதிரியும் இல்லாத ஊர் ருஷ்ய தேசத்தில் ஏது? ஆகவே ஒன்றோடொன்று இரத்த சம்பந்தமே இல்லாத ஆயிரம் ஊர்களில் அதே பெயர் ஆயிரம் முறை தனித்தனியாகப் பிறந்தது. அவை இன்று மிகச் சாதாரணமான பெயர்களாக விளங்குவதற்குக் காரணம் அதுவே. அபூர்வமான பெயருக்குக் காரணம் இதற்கு நேர்மாறானது. அது ஒரே ஒரு வீட்டில், ஒரே ஒரு சந்தர்ப்பத்தில், பெரும்பாலும் ஒரே ஒரு மனிதருக்காகப் பிறந்திருக்கும். ப்னின் அத்தகைய பெயர்.

ஓபொலென்ஸ்கி என்னும் தொன்மையான சிற்றரசர் குலத்தின் கிளையொன்று, மூதாதை ஒருவரின் பட்டப் பெயராகிய ‘ரெப்ன்யா’வைக் கொண்டு ரெப்னின் என்று வழங்கலாயிற்று. அக்கிளையில் 1734-இல் தோன்றிய நிக்கொலாய் வஸீலியெவிச் ரெப்னின், இரண்டாம் காதரின் சக்கரவர்த்தினியின் ஆட்சியில் சேனாபதியாகவும் ராஜதந்திரியாகவும் பெரும் புகழ் எய்தியவர். அவருக்கு விவாக பந்தத்துக்கு வெளியே ஓர் ஆண் குழந்தை 1773-இல் பிறந்தது. அக்காலத்து ருஷ்யச் சட்டத்தின்படி அத்தகைய குழந்தைக்குத் தந்தையின் குடும்பப் பெயர் இல்லை, பட்டம் இல்லை, சொத்தில் உரிமை இல்லை. ஆனால் தந்தை பெரிய பிரபுவாக இருந்து, தன் இரத்தம் என்பதை முற்றும் மறைத்துவிடவும் மனம் வராதபோது, அந்நாட்டு உயர்குலத்தார் ஓர் உபாயத்தைக் கையாண்டார்கள்: தங்கள் குடும்பப் பெயரின் முதற்பகுதியை வெட்டிவிட்டு, எஞ்சியதைக் குழந்தைக்குக் கொடுத்தார்கள். ரெப்னின் என்பதில் ‘ரெ’ போயிற்று, ‘ப்னின்’ நின்றது. கேட்பவருக்குத் தகப்பன் யார் என்பது விளங்கும்; நீதிமன்றத்திலோ அது செல்லாது. நம்மவர் விதியைத் தலையெழுத்து என்று சொல்வதுண்டு. இக்குழந்தைகள் விஷயத்தில் பெயரின் தலையெழுத்தைப் பறித்ததும் விதியைத் தீர்மானித்ததும் ஒரே செயலாக இருந்தன.

இவ்வழக்கத்திற்கு வேறு உதாரணங்களும் உண்டு. த்ருபெத்ஸ்கோய் குலத்திலிருந்து பெத்ஸ்கோய் பிறந்தது, வொரொந்த்ஸோவிலிருந்து ரான்த்ஸோவ், ருமியாந்த்ஸெவிலிருந்து உமியாந்த்ஸோவ், யெலாகினிலிருந்து ஆகின், கொலீத்ஸினிலிருந்து லீத்ஸின். கோகோலின் ‘மரித்த ஆத்மாக்கள்’ என்னும் காவியத்துக்குச் சித்திரம் தீட்டிப் புகழ்பெற்ற அலெக்ஸாந்தர் ஆகின், யெலாகின் வீட்டுப் பிள்ளைதான். வெட்டும்போது பொருளைப் பற்றி எவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ‘கொலீத்ஸா’ என்பது தோல் கையுறை. அக்குலத்து முன்னோர் ஒருவரின் பட்டப் பெயர் அது. தலையை அறுத்ததும் கையுறை மறைந்துவிட, ‘லீத்ஸோ’, அதாவது முகம் என்னும் வேறொரு சொல்லின் சாயல் தற்செயலாக வந்து ஒட்டிக்கொண்டது. ருமியாந்த்ஸெவ் என்பதில் சிவந்த கன்னத்தைக் குறிக்கும் சொல் இருக்கிறது; உமியாந்த்ஸோவில் அது சிதைந்துபோய் ஒரு பொருளும் மிஞ்சவில்லை. ப்னின் என்பதோ ருஷ்யச் செவிக்கு, ‘பென்’ என்னும் சொல்லின் உருபேற்ற வடிவங்களை நினைவூட்டும். வெட்டுண்ட மரத்தின் அடிக்கட்டைக்கு அவர்கள் வழங்கும் பெயர் அது. யாரும் நினைத்துச் செய்த பொருத்தம் அன்று. ஆயினும் இதை முதன்முதலாக அறிந்த அன்று நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நெடுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ருஷ்யர் ஒருவரின் முழுப்பெயரில் மூன்று உறுப்புகள் உண்டு: தன் பெயர், தந்தைவழிப் பெயர், குடும்பப் பெயர். நிக்கொலாயின் மகன் நிக்கொலாயெவிச் ஆகவேண்டும். நம் ப்னினோ இவான் பெத்ரோவிச். பெயரளவில் எவரோ ஒரு பியோத்தரின் மகன். குடும்பப் பெயரை அரைகுறையாகக் கொடுத்த தகப்பன், தந்தைவழிப் பெயரில் தன் பெயரை அறவே கொடுக்கவில்லை. ஆனால் கல்வியில் குறை வைக்கவில்லை. பிரபு வீட்டுப் பிள்ளைக்கு உரிய படிப்பும் பயிற்சியும் அவருக்குக் கிடைத்தன. நம்பிக்கை வளர்வதற்கு அது போதாதா? 1801-இல் சேனாபதி காலமானார், உயில் திறக்கப்பட்டது, அதில் இவான் பெத்ரோவிச்சைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இதற்குமேல் நடந்தது, குழந்தாய், நீ ஊன்றிப் படிக்கவேண்டியது. நிக்கொலாய் ரெப்னினுக்குச் சட்டப்படி பிறந்த ஆண்மகன் உயிருடன் இல்லாமையால், அவரோடு ரெப்னின் என்னும் புகழ்வாய்ந்த பெயர் பூமியிலிருந்து மறைந்துவிடும் நிலை உண்டாயிற்று. அப்படி மறைவது ராஜ்யத்துக்கே நஷ்டம் என்று கருதிய முதலாம் அலெக்ஸாந்தர் சக்கரவர்த்தி, அதே 1801-ஆம் ஆண்டில் ஒரு கட்டளை பிறப்பித்து, சேனாபதியின் மகள்வயிற்றுப் பேரனாகிய நிக்கொலாய் வொல்கோன்ஸ்கி இனி ரெப்னின்-வொல்கோன்ஸ்கி என்று வழங்கப்பெற அனுமதித்தார். ஒரு பெயர் அழியக்கூடாது என்பதற்காகச் சட்டம் எவ்வளவு வளைந்து கொடுக்கிறது பார். அந்த நாளில் அதே தலைநகரில் சேனாபதியின் சொந்த மகன் இருபத்தெட்டு வயதுக் காளைப் பருவத்தில், கவிஞனாக, பத்திரிகை நடத்தியவனாக, அந்தப் பெயரின் முக்கால் பாகத்தைச் சுமந்துகொண்டு நடமாடிக்கொண்டிருந்தான். அவன் பக்கமாக அந்தச் சட்டம் ஓர் அங்குலமும் வளையவில்லை. வரலாற்றில் கொடுமைகள் பல படித்திருக்கிறேன். சத்தம் இல்லாமல், சட்டத்தின் பேராலேயே நடந்த இதை அவற்றில் சிறியதாக நான் எண்ணுவதில்லை.

மறு ஆண்டு, 1802-இல், இவான் ப்னின் சக்கரவர்த்திக்கு ஒரு விண்ணப்பத்தைச் சமர்ப்பித்தார். ‘சட்டங்களால் தள்ளிவைக்கப்பட்ட குற்றமின்மையின் ஓலம்’ என்பது அதன் தலைப்பு. தன்னொருவனுக்குச் சொத்துக் கேட்ட விண்ணப்பம் அன்று அது. தாய் தந்தையர் செய்ததற்குக் குழந்தை எங்ஙனம் குற்றவாளியாகும் என்று, தம்மைப் போன்ற அனைவருக்குமாக அவர் வழக்காடினார். அதோடு நின்றவரும் அல்லர். 1804-இல் ருஷ்யாவின் கல்வியறிவைப் பற்றி அவர் வெளியிட்ட நூல், பண்ணையடிமை முறையைக் கண்டித்ததற்காகத் தணிக்கையாளரின் தடைக்கு உள்ளாயிற்று. தனக்கு இழைக்கப்பட்ட அநீதியில் தொடங்கி, பெயரே கேட்கப்படாத லட்சோப லட்சம் குடியானவர்களின் அநீதிக்கு அவர் சென்று சேர்ந்தார். அவருடைய பெருமை அங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். 1805-இல் இலக்கியம், விஞ்ஞானம், கலை ஆகியவற்றில் ஈடுபாடு கொண்டோரின் சுதந்திரச் சங்கத்துக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, அதே ஆண்டு செப்டம்பர் மாதத்தில் க்ஷயரோகத்தால் இறந்தார். கவிஞர் பாத்யூஷ்கோவ் அவருடைய மறைவைக் குறித்து இரங்கற்பா எழுதினார்.

பெத்ஸ்கோயின் கதை வேறு திசையில் செல்கிறது. 1700-ஆம் ஆண்டு நார்வா யுத்தத்தில் சுவீடர்களிடம் சிறைப்பட்ட இவான் த்ருபெத்ஸ்கோய் பிரபு, பதினெட்டு ஆண்டுகள் ஸ்டாக்ஹோமில் கைதியாக இருந்தார். அங்கே 1704-இல் அவருக்குப் பிறந்த மகனே இவான் பெத்ஸ்கோய். ப்னினுக்கு மறுக்கப்பட்டது இவருக்குக் கிடைத்தது: தந்தை இவரைக் கைவிடவில்லை. முதுமையில் இவர் காதரின் சக்கரவர்த்தினியின் கல்வி ஆலோசகராகவும், கலைக்கழகத்தின் தலைவராகவும் உயர்ந்து, 1764-இல் பெண்களுக்கான ஸ்மோல்னி கல்வி நிலையத்தை நிறுவியவருள் முதன்மையானவரானார். ஆனால் நான் உன்னை நினைக்கச் சொல்வது அதை அன்று. அதே 1764-இல் மாஸ்கோவில், கைவிடப்பட்ட குழந்தைகளுக்கென்று ஓர் இல்லம் அவருடைய திட்டப்படி திறக்கப்பட்டது. குழந்தையைக் கொண்டுவருபவர் யார், பெற்றவர் யார் என்று அங்கே கேட்கக்கூடாது. அங்கே வளர்ந்த குழந்தையை எந்தப் பண்ணையாரும் அடிமையாக்க முடியாது. தலையறுந்த பெயரைத் தொண்ணூறு ஆண்டுகள் சுமந்த மனிதர், பெயரே இல்லாத சிசுக்களுக்குக் கதவு திறந்து வைத்தார். தொடக்க ஆண்டுகளில் அங்கே வந்து சேர்ந்த சிசுக்களில் மிகப் பெரும்பாலானவை பால்கொடுக்கும் தாதியர் பற்றாமையாலும் நோயாலும் மாண்டுபோயின என்பதையும் நான் உனக்கு மறைக்கமாட்டேன். நல்லெண்ணம் மாத்திரம் குழந்தைகளைப் பிழைக்க வைப்பதில்லை. அப்படியிருந்தும் அந்தக் கதவைத் திறந்ததற்காக நான் அவரை மதிக்கிறேன். அவர் விவாகம் செய்துகொள்ளவில்லை. 1795-இல் அவரோடு அவர் கிளை முடிந்தது.

விவாகத்துக்கு வெளியே பிறந்த எல்லாருக்கும் பெயரை வெட்டித்தான் கொடுத்தார்கள் என்று நினைத்துவிடாதே. காதரினுக்கும் க்ரிகோரி ஓர்லோவுக்கும் பிறந்த மகன், போப்ரிகி என்னும் எஸ்டேட்டின் பெயரால் போப்ரின்ஸ்கி ஆனான். அரசியின் மகன் ஆகையால் பிரபுப் பட்டமும் பின்னர் வந்தது, வம்சமும் தழைத்தது. பூனின் என்னும் நிலச்சுவான்தாருக்கும், போரில் பிடிபட்டு வந்த துருக்கிப் பெண்ணுக்கும் பிறந்த குழந்தைக்கு, ஞானத்தந்தையான ஓர் ஏழைப் பிரபு தன் பெயரை முழுமையாகக் கொடுத்தார். அக்குழந்தையே கவிஞர் ழுகோவ்ஸ்கி. பண்ணையடிமைகளை 1861-இல் விடுவித்த இரண்டாம் அலெக்ஸாந்தருக்கு இளமையில் ஆசிரியராக இருந்தவர் இவர்தான். யாகொவ்லெவ் என்னும் செல்வர் ஒருவர், ஜெர்மானியப் பெண்ணிடம் 1812-இல் தமக்குப் பிறந்த மகனுக்கு, இதயம் என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லிலிருந்து ஹெர்ட்ஸென் என்று ஒரு புதிய பெயரையே உண்டாக்கினார். அச்சிறுவன் வளர்ந்து அப்பெயரை ஐரோப்பா முழுதும் அறியச் செய்தான். கவிஞர் ஃபெத் அடைந்த துன்பம் இதைவிடக் கூர்மையானது. பதினான்கு வயது வரை ஷென்ஷின் என்னும் பிரபு குலப் பெயருடன் வளர்ந்த பையனை, பெற்றோரின் விவாகத்துக்கு முன்பே பிறந்தவன் என்று கண்டுபிடித்து, திருச்சபை அதிகாரிகள் ஒரே நாளில் அந்நிய நாட்டுப் பிரஜையாக்கிவிட்டார்கள். இழந்த பெயரை மீட்பதற்கு அவர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் போராடினார். 1873-இல் அரசாணையால் அது திரும்பக் கிடைத்தது. ஆயினும் கவிதைகளின் கீழே ஃபெத் என்றே இறுதிவரை கையெழுத்திட்டார்.

ஆகவே அபூர்வமான ஒரு குடும்பப் பெயரைக் காணும்போது, பழங்காசு சேர்ப்பவர் காசைப் பார்ப்பதுபோல அதன் அருமையை மட்டும் மெச்சிவிட்டுப் போய்விடாதே. அதைச் சுமந்தவர் யார், கொடுத்தவர் யார், எதைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டார் என்று கேள். அந்த நாவலை மறுபடி எடுக்கும்போது தலைப்பை வாய்விட்டுச் சொல்லிப் பார். நாக்கு இடறும் இடத்தில்தான் ‘ரெ’ இருந்தது.

இவான் ப்னின் விண்ணப்பம் எழுதியது 1802-இல் என்று சொன்னேன் அல்லவா? அத்தகைய குழந்தைகளின் நிலையைச் சீர்திருத்தும் சட்டம் ருஷ்யாவில் 1902-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வந்தது. அதிலும் தந்தைக்குப் பராமரிக்கும் கடமை விதிக்கப்பட்டதேயன்றி, அவருடைய குடும்பப் பெயர் குழந்தைக்குக் கிடைக்கவில்லை. விவாகத்துக்கு உள்ளே பிறந்தவர், வெளியே பிறந்தவர் என்ற வேற்றுமையைச் சட்டத்திலிருந்து அடியோடு நீக்கிய ஆணை 1917 டிசம்பரில் பிறந்தது.

இப்படிக்கு,
உன் அன்புள்ள தாத்தா