மகப்பேறு விடுப்பின்போது பணி விலகல்: நாள் குறிக்கும் முறை

செங்கல்பட்டை அடுத்த பரனூரின் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியிலும், மறைமலை நகர்த் தொழிற்சாலைகளிலும், கோவளம் முதல் மாமல்லபுரம் வரையிலான கடற்கரை விடுதிகளிலும் பணிபுரியும் பெண்கள் அனைவருக்கும் விடுப்பு ஊதியம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. ஆகவே, விடுப்பில் இருந்தபடியே பணி விலக எண்ணுபவர் அதை வழங்குவது யார் என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். மாத ஊதியம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, பங்களிப்பும் பிடிக்கப்பட்டு வந்தால் வழங்குவது ஈ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகம். அதில் சேராதோருக்கு நிறுவனமே. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு பயன்கள் சட்டம் 2017இல் திருத்தப்பட்டபோது இவ்விடுப்பு 26 வாரங்களாக உயர்ந்தது. ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் உள்ளவருக்கு 12 வாரங்கள். இச்சட்டம் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் அடங்கிவிட்டாலும் இவ்வுரிமைகள் தொடர்கின்றன. மாநில அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை 1 முதல் 12 மாத விடுப்பு உண்டு. அவர்களுக்கான பணி விதிகள் வேறு என்பதால் இக்கட்டுரை தனியார் பணியாளர்களுக்கு மட்டுமே பொருந்தும்.

அடுத்தது நாள் குறிப்பது. மற்ற எல்லாமே இதைப் பொறுத்தவை. கடிதம் கொடுக்கும் நாளும் பணியின் கடைசி நாளும் வேறுவேறு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கடைசி நாள் விடுப்பின் நடுவில் விழுந்தால் நிறுவனத்துடனான உறவு அன்றே முடிந்துவிடும். எஞ்சிய வாரங்களின் ஊதியத்துக்காகப் பிறகு வாதாடிக்கொண்டிருக்க நேரும். ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் மகப்பேறு பயன் தொடரும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் டெல்லி மருத்துவர் ஒருவரின் வழக்கில் தீர்ப்பளித்தது உண்மையே. எனினும் அது ஒப்பந்தம் காலாவதியானதைப் பற்றியது, தாமே விலகியதைப் பற்றியதன்று என்பதால் அதை நம்பி நாள் குறிப்பது சரியாகாது. கடைசி நாளை விடுப்பின் இறுதி நாளிலோ அதற்குப் பின்னரோ வைப்பதே பாதுகாப்பானது. எடுத்துக்காட்டாக, 2026 பிப்ரவரி 2 அன்று தொடங்கும் 26 வார விடுப்பு, அதாவது 182 நாள், ஆகஸ்ட் 2 அன்று முடிகிறது. முன்னறிவிப்புக் காலம் 30 நாள் என்றால் ஜூலை 3 அன்றும், 60 நாள் என்றால் ஜூன் 3 அன்றும் கடிதம் கொடுத்தால் விடுப்பும் முன்னறிவிப்புக் காலமும் ஒரே நாளில் முடியும். ஆனால் சில நியமன ஆணைகள் விடுப்பு நாள்களை முன்னறிவிப்புக் காலத்தில் சேர்க்க இடம் தருவதில்லை. அவ்விதியை முன்கூட்டியே படித்து, விலக்கு வேண்டுமாயின் அதை எழுத்துமூலம் பெற வேண்டும். புதிய வேலை கிடைத்திருந்தால் அதில் சேரும் நாளும் விடுப்புக்குப் பின்னரே அமைய வேண்டும். விடுப்பின்போது வேறிடத்தில் ஊதியத்துக்கு வேலை செய்த நாள்களுக்குப் பயன் பறிபோகும்.

முடிவெடுக்கும் முன் நிறுவனத்திடம் கேட்டுப் பார்க்க வேண்டியவையும் உண்டு. 50 பேருக்குக் குறையாத நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி செய்து தரக் கடமைப்பட்டது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை நாளொன்றுக்கு இருமுறை பாலூட்ட இடைவேளை தருவது, ஆள் எண்ணிக்கை அதற்குக் குறைந்தாலும், இச்சட்டத்துக்கு உட்பட்ட எல்லா நிறுவனங்களின் கடமை. திருக்கழுக்குன்றத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் சிறுசேரி சென்று திரும்பும் தாய்க்கு இவ்விரண்டும் கிடைக்குமா என்பதே வேலையில் நீடிப்பதையும் விடுவதையும் தீர்மானிக்கிறது. கேட்காமலே விலகுவது பேரிழப்பு.

கடிதம் சுருக்கமாக இருந்தால் போதும்: பணியாளர் எண், விடுப்பு தொடங்கிய நாளும் முடியும் நாளும், பணியின் கடைசி நாள், நிலுவைகளைத் தீர்த்துப் பணிவிடுவிப்புச் சான்றும் அனுபவச் சான்றும் தருமாறு கோரிக்கை. காரணம் கூற வேண்டிய கட்டாயமில்லை. மேலாளரிடம் வாட்ஸ்அப்பில் சொல்வதோடு நில்லாமல், மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சலிலும் சேர்ப்பு ஒப்புகையுடன் விரைவுத் தபாலிலும் அனுப்புவதே சான்றாக நிற்கும். நாளிடாத விலகல் கடிதத்தில் கையெழுத்து கேட்டால் எக்காரணம் கொண்டும் இடக்கூடாது. விடுப்பிலிருப்பவரைப் பணிநீக்கம் செய்வதைச் சட்டம் தடுக்கிறது, அத்தடையைத் தாண்டவே இத்தகைய கடிதம் பயன்படும்.

விடுப்பு முடிந்து பணிக்குத் திரும்பாதவர் பெற்ற ஊதியத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும், சட்டப்படியான பயனைக் குறைக்கும் விதி செல்லாது. சட்ட அளவுக்கு மேல் நிறுவனம் தானாக அளித்த கூடுதல் விடுப்புக்கே அத்தகைய நிபந்தனை பொருந்தக்கூடும்.

விலகியபின் ஊதிய நிலுவை இரண்டு வேலை நாள்களுக்குள் தீர்க்கப்பட வேண்டும். பணிக்கொடை எனப்படும் கிராஜுவிட்டிக்கு உரிய ஐந்தாண்டுத் தொடர்பணியில் 26 வார மகப்பேறு விடுப்பும் சேரும் என்பதால், நான்கரை ஆண்டில் விடுப்பில் சென்றவர் கணக்கைச் சரிபார்த்த பிறகே நாள் குறிக்க வேண்டும். வருங்கால வைப்பு நிதியை எடுத்துவிடாமல் அதே யு.ஏ.என். எண்ணில் வைத்திருந்து, அடுத்த வேலைக்கு மாற்றிக்கொள்வது ஓய்வூதியப் பணிக்காலத்தைக் காக்கும். நிலுவை மறுக்கப்பட்டால் தொழிலாளர் துறையில் எழுத்துமூலம் புகார் அளிக்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு, அதைச் செங்கல்பட்டு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கோரலாம்.