பிள்ளையைக் காணோம் என்று குரல் கேட்டால்

டெல்லியை ஒட்டிய நொய்டாவில் நிதாரி என்று ஒரு கிராமம். 2005, 2006-இல் அங்கே பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காணாமல் போனார்கள். ரிக்‌ஷா இழுத்தும், இஸ்திரி போட்டும், வீட்டுவேலை செய்தும் பிழைத்தவர்களின் பிள்ளைகள். ‘எங்காவது ஓடிப்போயிருக்கும்’ என்று சொல்லிப் போலீஸ் திருப்பி அனுப்பியதாகப் பெற்றோர் பிறகு சொன்னார்கள். 2006 டிசம்பர் 29 அன்று ஒரு பங்களாவை ஒட்டிய சாக்கடையில் எலும்புகள் கிடைத்த பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது. தனியாகப் போகும் ஏழையைத் திருப்பி அனுப்புவது சுலபம். அதனால் இந்தப் பட்டியல் பெற்றோருக்கு மட்டுமல்ல, தெருவுக்கே.

செய்ய வேண்டியவை

• பாதிப் பேர் தேடட்டும், பாதிப் பேர் ஸ்டேஷனுக்குப் போகட்டும். 24 மணி நேரம் பொறுக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. போகிற வழியிலேயே 112 அல்லது குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொல்லிவிடுங்கள்.

• தேடுபவர்கள் முதலில் தண்ணீர்த் தொட்டி, கிணறு, பூட்டிக் கிடக்கும் கார், கட்டட வேலைக்குத் தோண்டிய குழி ஆகியவற்றைப் பாருங்கள்.

• பெற்றோருடன் நாலு பேர் போங்கள். புகார் வந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள், எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். காணாமல்போன குழந்தை பற்றிய புகாரைக் கடத்தலாகவே முதலில் கருதி வழக்குப் பதிய வேண்டும் என்று 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. ‘எங்கள் எல்லை இல்லை’ என்றால் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லுங்கள். நகல் இலவசம். அப்படியும் மறுத்தால் புகாரை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கிடைப்பார்.

• பதறிப்போன தாய்க்கு ‘சிவப்புச் சட்டை’ என்பதற்கு மேல் வாய் வராது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள்: எந்தக் காலில் தழும்பு, எந்தப் பல் விழுந்திருக்கிறது, செருப்பு போட்டிருந்ததா, வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள், எந்தக் கடையில் மிட்டாய் வாங்கும்.

• கடைகளின் சிசிடிவி பதிவை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பல கேமராக்களில் பழைய பதிவு சில நாளில் தானாக அழிந்துவிடும்.

• அந்த வீட்டில் அடுப்பு எரிகிறதா பாருங்கள். தேடி அலைகிற தகப்பனுக்குத் தினக்கூலி கிடையாது.

செய்யக்கூடாதவை

• ‘பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போனாளே’ என்று பேசாதீர்கள். போகாவிட்டால் அந்த வீட்டில் சோறு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

• சந்தேகத்தின் பேரில் யார் மேலும் கை வைக்காதீர்கள். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோவிலைத் தேடி வந்த சென்னைக் குடும்பம் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிப்பவர்கள் என்று கூட்டம் அடித்ததில் ஒரு மூதாட்டி இறந்துபோனார். வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்திதான் காரணம்.

• குறி சொல்கிறேன், மை போட்டுப் பார்க்கிறேன் என்று வருபவர்களுக்குக் காசு கொடுக்க விடாதீர்கள். பிள்ளை எங்களிடம் இருக்கிறது, பணம் போடு என்று போன் வந்தால் முதலில் போலீசிடம் சொல்லுங்கள்.

• பயந்துபோய்ப் பெண்பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தாதீர்கள். முறை வைத்துப் பெரியவர்கள் கூட்டிப் போய்க் கூட்டி வரலாம்.

• தேடுவதற்காகப் பகிர்ந்த படத்தை, பிள்ளை கிடைத்த பிறகும் சுற்றில் விட்டுவைக்காதீர்கள். அழித்துவிடுங்கள், அனுப்பியவர்களிடமும் சொல்லுங்கள்.

• செய்தி ஓய்ந்ததும் கலைந்துவிடாதீர்கள். நிதாரி கொலைகளில் இருவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்த வழக்குகளிலிருந்து, விசாரணையின் கோளாறுகளைச் சுட்டிக்காட்டி, 2023 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. நாலு மாதத்தில் பிள்ளை கிடைக்காவிட்டால் வழக்கு ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்குப் போக வேண்டும். போனதா என்று கேளுங்கள். மாதம் ஒருமுறையாவது தெருவிலிருந்து ஒருவர் பெற்றோருடன் ஸ்டேஷனுக்குப் போய், வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டு வாருங்கள்.