லேசான ஸ்டியரிங்கை நம்பாதீர்கள்

கேள்வி: கன்டெய்னர் ஏற்றினால் என் டிரெய்லர் லாரியின் ஸ்டியரிங் லேசாகிவிடுகிறது. மழையில் ஒடித்தாலும் வண்டி நேரே போகப் பார்க்கிறது. ஃபிஃப்த் வீலை நகர்த்தலாமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: ஃபிஃப்த் வீல் (டிரெய்லரைப் பூட்டும் தட்டு) பின் அச்சுக்கு நேர் மேலேயோ பின்னாலோ இருந்தால், அவசியம் முன்னே நகர்த்துங்கள். நேர் மேலே இருந்தால் கிங் பின் வழியே இறங்கும் டிரெய்லர் பாரத்தில் துளியும் முன் டயருக்கு வராது. பின்னால் இருந்தால் முன்பக்கம் தூக்கும். இரட்டைப் பின் அச்சு என்றால் இரண்டுக்கும் நடுவிலிருந்து அளக்க வேண்டும். முன், பின் அச்சுகளுக்கிடையே 3.5 மீட்டர், கிங் பின்னில் 10 டன் என்றால், 35 செ.மீ. முன்னே வைத்தாலே 1 டன் முன் அச்சில் இறங்கும்; டயர் சாலையைப் பிடிக்கும். லேசான ஸ்டியரிங் சுகம்தானே என்பார்கள். பிடிப்பு போனதால் வந்த சுகம் அது. அதற்காக அளவுமீறித் தள்ளினால் முன் அச்சில் பாரம் கூடும், திரும்பும்போது கன்டெய்னர் மூலை கேபினில் இடிக்கும். லோடுடன் முன் அச்சை மட்டும் எடை மேடையில் ஏற்றிப் பார்த்து இடத்தை முடிவு செய்யுங்கள். நகர்த்திப் பொருத்தும்போது சேசிஸில் வெல்டிங் மட்டும் வைக்க விடாதீர்கள்.